இரண்டு டிகிரி

படகு ஒலீட்டாவுக்கு.
மோட்டார் வெர்லினுக்கு.
ஆர்கன்ஸா நீதிமன்றக் காகிதம்
அப்படித்தான் பிரித்தது.
மூன்றாவது ஜனவரி இது.
அவள் படகை இழுத்து வருகிறாள்,
அவன் மோட்டாரைச் சுமந்து வருகிறான்.
ஒருவர் இல்லாமல் ஒருவர்
கரையை விட்டு நகர முடியாது.
எந்த வக்கீலும் இதை யோசிக்கவில்லை.

காலை எட்டு.
தூண்டிற்கோல் வளையங்களில் பனி இறுகி
நரம்பு ஓட மறுக்கிறது.
கோலை ஏரியில் முக்கி எடுக்கிறாள்.
இந்தக் காலையில்
இருப்பதிலேயே சூடான பொருள்
தண்ணீர்தான்.
கருவியில் நாற்பத்தொன்று.
முப்பதடிக்குக் கீழே பாஸ் மீன்கள்
மருத்துவமனை வரிசையில் இருப்பவர்கள்போல
ஒன்றையொன்று பாராமல் நிற்கும்.
பசி இல்லை.
பசி இல்லாமலும் இல்லை.

ஃபிளாஸ்கில் காப்பி. ஒரே மூடி.
அவள் குடித்துக் கொடுத்ததை
துடைக்காமல் குடித்தான்.
துடைத்திருக்கலாம்.
தேவதாரு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்
அதைப் பார்க்காதவள்போல.

பதினொன்றரை.
எதிர்க்கரைச் சுண்ணாம்புப் பாறை
தெற்கே முகம் திருப்பி
வெயிலை வாங்க ஆரம்பித்திருந்தது.
கேட்காமலே மோட்டாரை முடுக்கினான்.
அவளும் ஏன் என்று கேட்கவில்லை.
பாறையோரம் நாற்பத்துமூன்று.

இரண்டு டிகிரி.
மனிதருக்கு அது
கையுறை கழற்றக்கூடக் காணாது.
கீழே இருப்பவற்றுக்கோ
யாரோ வீட்டுக்குள் விளக்கு போட்டதுபோல.
ஒன்று திரும்பும்.
பிறகு இன்னொன்று.
சரிவோடு சரிவாக, அவசரமில்லாமல்,
ஏறி வரும்.

இந்தக் குளிரில் வேகம் உதவாது.
பொய்மீனை இரண்டு சுண்டு சுண்டிவிட்டு
சும்மா விடவேண்டும்.
மூழ்காமல் மிதக்காமல்
நடுநீரில் நிற்கும் அது,
சொல்ல வந்ததை மறந்த ஆள் மாதிரி.
எண்ண வேண்டும். பத்து. பதினைந்து. இருபது.
வெர்லினுக்குப் பன்னிரண்டைத் தாண்டாது.
இருபத்துமூன்று வருடம் கண்டவள்.
சண்டையிலும் அதேதான்,
பதில் வாய்க்கு வருமுன்
அடுத்த கேள்வி வந்து நிற்கும்.
அவள் முப்பதுவரை எண்ணுகிறவள்.
'கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டாள்' என்று
அதுவும் காகிதத்தில் ஏறியது.

படகின் முனையிலிருந்து
முணுமுணுப்பு.
பதினேழு, என்றது அவன் குரல்.
பதினெட்டு.
அவள் தன் நரம்பை மறந்தாள்.
பத்தொன்பது.
ஓர் உள்ளான் பாறைக்குப் பாறை தாவிற்று.
இருபத்துநான்கு.
கடி என்று சொல்ல முடியாது அதை.
நனைந்த இலை ஒன்று
வந்து ஒட்டிக்கொண்ட கனம்.
வெர்லின் இழுக்கவில்லை,
கோலை மெல்லச் சாய்த்தான்.
இலை உயிர் கொண்டது.

நாலு பவுண்டு இருக்கும்.
கரும்பச்சை, வயிறு பால்நிறம்,
கண்ணில் இன்னும் தூக்கம்.
வலையை நீட்டியவள்
ஈரக்கையால் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.
விரல் எரிந்தது குளிரில்.
"எத்தனை எண்ணினாய்?"
காலையிலிருந்து பேசிய முதல் பேச்சு.
அவன் கொக்கியைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.
பதில் சொல்ல
நேரம் எடுத்துக்கொண்டான்.
"எண்ணவில்லையே."

திரும்ப விட்டார்கள்.
போகவில்லை அது உடனே.
படகு நிழலைத் தாண்டி, வெயில் பட்ட
ஓரடித் தண்ணீரில்
சற்று நேரம் நின்றது.

நாலு மணிக்கு எண் இறங்கத் தொடங்கியது.
கரையில் மோட்டாரைக் கழற்றக் குனிந்தான்.
திருகு குளிரில் இறுகிக் கிடந்தது.
ஊதினான். அடித்துப் பார்த்தான்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.
குறடு அவள் வண்டியில் இருந்தது,
இருக்கை அடியில், கைக்கெட்டும் தூரத்தில்.
கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு
அங்கேயே நின்றாள்.
பதினொன்று.
பன்னிரண்டு.
பதின்மூன்று.